ரிசர்வ் விழுதல்: பழைய மோட்டார் சைக்கிள்களின் கடைசி மூச்சு குறித்த ஒரு முன்னோடி ஆய்வு

தமிழ் ஆய்வுலகம் தொடாத பொருள் குறைவு. சிற்றிலக்கியங்களில் அணிகலன்கள், பக்தி இலக்கியத்தில் பறவைகள், திருக்குறளில் மேலாண்மை என்று பல்கலைக்கழக நூலகங்களின் இரும்பு அலமாரிகள் பிதுங்கிக் கிடக்கின்றன. ஆனால் பெட்ரோல் தீரப்போகும் நேரத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் என்னென்ன செய்யும், எந்த வரிசையில் செய்யும், அதன் மேல் உட்கார்ந்திருப்பவர் அதற்கு என்ன சமாதானம் சொல்லிக்கொள்வார் என்பது பற்றி ஒரு எம்.ஃபில். ஏடுகூட இந்தக் கட்டுரையாளரின் கண்ணில் பட்டதில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது. நெறியாளர் எவரும் அமையவில்லை. அணுகியவர்கள் எல்லோரும் "பெட்ரோல் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று ஒரே வாக்கியத்தில் ஆய்வை முடித்துவைக்கப் பார்த்தார்கள்.

முதலில் ஆய்வு எல்லை. கார்புரேட்டர் பொருத்திய, பெட்ரோல் அளவு காட்டும் முள் இல்லாத, அல்லது முள் இருந்தும் அது வண்டி வாங்கிய ஆண்டிலேயே காலமாகிவிட்ட மோட்டார் சைக்கிள்கள் மட்டுமே இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. திருவொற்றியூரில் தயாரான புல்லட், 1961 முதல் மைசூரில் உருவான ஜாவாவும் அதன் வாரிசான எஸ்டியும், 1985இல் ஒரே ஆண்டில் வந்து இறங்கி இளைஞர்களையும் குடும்பஸ்தர்களையும் இரண்டு கட்சியாகப் பிரித்த யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஆகியவை முதன்மைச் சான்றுகள். மெக்கானிக்குகள், பங்க் ஊழியர்கள், வண்டி நின்ற இடத்தில் தற்செயலாக நின்றுகொண்டிருந்து கேட்காமலே கருத்துச் சொன்னவர்கள் ஆகியோர் துணைமைச் சான்றுகள். டி.வி.எஸ். 50 விலக்கப்பட்டது. பெட்ரோல் தீர்ந்தால் அதற்குப் பெடல் இருந்தது. ஆகவே ஆய்வுச் சிக்கல் எழவில்லை. பஜாஜ் ஸ்கூட்டரும் விலக்கப்பட்டது. அதை ஒரு பக்கமாகச் சாய்ப்பது பெட்ரோல் குறைந்ததாலா, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்தே தீர வேண்டிய நித்திய கர்மமா என்று பிரித்தறிய முடியவில்லை.

கருதுகோள் ஒன்றே ஒன்று: பழைய வண்டி எதுவும் சொல்லாமல் நின்றதில்லை. சொன்னது கேட்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

டேங்கின் உள்ளமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். டேங்குக்கு அடியில், முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிடி இருக்கும். பெட்ரோல் காக் என்பார்கள். ஆன், ஆஃப், ரிசர்வ் என்று அதற்கு மூன்று நிலை. ரிசர்வ் என்றதும் டேங்குக்குள் இன்னொரு குட்டி டேங்க் தனியாக இருப்பதாக நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. படித்தவர்களிடம் இந்த நம்பிக்கை இன்னும் உறுதியாக இருக்கிறது. அப்படி எதுவும் கிடையாது. ஒரே டேங்க், ஒரே பெட்ரோல், இரண்டு வாய். ஒரு வாய் டேங்கின் தரையை ஒட்டி இருக்கும். இன்னொன்று உள்ளே சில சென்டிமீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் மெல்லிய குழாயின் நுனி. காக்கை ஆனில் வைத்தால் உயரக் குழாய் வழியாகத்தான் பெட்ரோல் இறங்கும். மட்டம் அந்த நுனிக்குக் கீழே போய்விட்டால், டேங்கில் ஒரு லிட்டரோ ஒன்றரை லிட்டரோ கிடந்தாலும், வரத்து நின்றுவிடும். இதைத்தான் ரிசர்வ் விழுந்தது என்பார்கள். காக்கைத் திருப்பினால் தரைவாய் திறக்கும். பொறியியல் அவ்வளவுதான். கம்பி இல்லை, பல்பு இல்லை, பேட்டரி தேவையில்லை. எச்சரிக்கை மணி அடித்து வண்டியை நிறுத்தச் சொல்லும் ஏற்பாடுகள் உலகில் பல உண்டு. வண்டி நிற்பதையே எச்சரிக்கை மணியாக வைத்த துணிச்சல் இதை வடிவமைத்தவருக்கு மட்டுமே வாய்த்தது.

காக்கிலிருந்து ரப்பர் குழாய் வழியாக இறங்கும் பெட்ரோல் நேரே என்ஜினுக்குள் போவதில்லை. கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம். அதில் மிதக்கும் ஃப்ளோட். கிண்ணம் நிரம்பினால் ஃப்ளோட் எழும்பி ஊசியால் வழியை அடைக்கும். குறைந்தால் தாழ்ந்து திறந்துவிடும். கிண்ணத்தின் கொள்ளளவு டீக்கடைக் கண்ணாடி டம்ளருக்கும் குறைவு. குறுகலான வழியில் வேகமாகப் பாயும்போது அழுத்தம் குறையும் என்று வெஞ்சுரி என்ற இத்தாலியர் 1797இல் எழுதிவைத்தார். அந்த அழுத்தக் குறைவுதான் கிண்ணத்துப் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே இழுக்கிறது. கிண்ணத்தில் மட்டம் தாழத் தாழ இழுப்பது கடினமாகும். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து கலவை மெலியும். பாத்திரத்தில் திரவத்தின் உயரம் குறைந்தால் அது கீழே இருக்கும் துளை வழியாக வெளியேறும் வேகமும் குறையும் என்பது டோரிசெல்லி என்ற இன்னொரு இத்தாலியர் 17ஆம் நூற்றாண்டிலேயே சொன்னது. ஆக, இரண்டு இத்தாலியர்கள் நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் கூட்டுச் சேர்ந்து செய்த வேலைதான் ரிசர்வ் விழுதல். மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

முதல் முறையீடு எப்போதும் வேகத்தில் வருவதன் காரணமும் இதுவே. மெதுவாகப் போகும்போது என்ஜினுக்கு வேண்டியது கொஞ்சம். சொட்டுச் சொட்டாக வந்தாலும் கிண்ணம் தாக்குப்பிடிக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் செலவு வரவை மிஞ்சும். மாதக் கடைசியில் சம்பளக்காரர் வீட்டில் நடப்பதும் இதுதான் என்பதால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இனி ரிசர்வ் விழுதலின் படிநிலைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். வண்டி அறுபதில் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் ஒரு தயக்கம். திருகினால் சத்தம் வருகிறது, இழுவை வரவில்லை. இந்தக் கட்டத்தில் ஓட்டுபவர் பெட்ரோலை நினைப்பதே இல்லை. எதிர்க்காற்று என்பார், பிளக்கில் கரி என்பார், பின்னால் உட்கார்ந்திருப்பவர் மைத்துனராக இருந்தால் அவருடைய எடை என்பார். அடுத்து ஒரு ஜெர்க். பின்னவரின் மூக்கு முன்னவரின் முதுகில் இடிக்கும். ஆக்சிலேட்டரைக் குறைத்ததும் வண்டி தெளிந்து சமர்த்தாக ஓடும். சரியாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் மறுபடி திருகுவார், மறுபடி ஜெர்க். இப்படிச் சில சுற்று நடந்த பிறகுதான் கை ஹேண்டில்பாரை விட்டு இறங்கும்.

கண் சாலையில் இருக்க, கை மட்டும் டேங்கின் அடியில் துழாவும். சிலிண்டரின் சூடு பட்டுப் பின்வாங்கும். ரப்பர் குழாயைத் தடவி மேலேறிப் பிடியைக் கண்டுபிடிக்கும். பிடி, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து இறுகி, முதல் முயற்சியில் அசையாது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொடுத்துத் திருப்பியதும் வண்டி உடனே தெளிந்துவிடாது. கிண்ணம் நிரம்ப வேண்டும். அந்த இரண்டு மூன்று விநாடி வண்டி கியரிலேயே உருண்டு போகும், பின்னால் வரும் லாரி ஹாரனிலிருந்து கையை எடுக்காது, ஓட்டுபவர் முகத்தில் மட்டும் எதுவுமே நடக்காத பாவனை இருக்கும். பிறகு ஒரு குலுக்கு, என்ஜின் பிடித்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தாமல், தலையைக் குனியாமல், பேசிக்கொண்டிருந்த பேச்சையும் விடாமல் இதைச் செய்து முடிப்பவரே தேர்ந்த ஓட்டுநர். லைசென்ஸ் எடுக்கப் போனால் எட்டுப் போடச் சொல்கிறார்கள்; இதைச் சோதித்துப் பார்க்க ஆள் இல்லை.

இனவாரியான நடத்தைக்கு வருவோம். புல்லட் அவசரப்படாது. அதன் துடிப்புகளுக்கு நடுவே ஒன்று விடுபடும். சிறிது தூரம் போய் இன்னொன்று. பற்றாமல் தப்பிய கலவை சைலன்சருக்குள் போய் அங்கே வெடித்து 'டப்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். தெருவே திரும்பிப் பார்க்கும். பெட்ரோல் போடக் காசில்லாத நிலையைக் கூட ராஜாவின் வருகைபோல அறிவிக்கும் ஒரே வண்டி அது. நின்ற பிறகு அதைத் தள்ளுவது தனி அத்தியாயம். அதை எழுத ஆய்வாளருக்கு இப்போது இடுப்பு இடம் தரவில்லை.

ஆர்.எக்ஸ். 100 இதற்கு நேர் எதிர். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கலவை மெலிந்தால் அது தளர்வதில்லை, துள்ளுகிறது. சிக்னலில் நிற்கும்போது யாரும் திருகாமலே ஐடிலிங் ஏறி ரேஸ் ஆகும். அனுபவம் இல்லாதவர் வண்டி அருமையான டியூனில் இருப்பதாகப் பூரித்துப் பக்கத்து வண்டிக்காரரைப் பெருமையாகப் பார்ப்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிடும். இதற்கு அணையப்போகும் விளக்கை உவமையாகச் சொல்ல முன்வந்த துணைமைச் சான்றாளர்களை ஆய்வாளர் தடுத்துவிட்டார். விளக்கில் கார்புரேட்டர் கிடையாது.

எஸ்டிக்கு வேறொரு கவலை உண்டு. அதற்குப் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். எரிபொருளும் மசகும் ஒரே குழாயில் வருகின்றன. பெட்ரோல் வரத்து மெலிந்தால் ஆயில் வரத்தும் மெலியும். அந்த நிலையில் முறுக்கிப் பிடித்து ஓட்டினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ள வாய்ப்பு உண்டு. கடைசிச் சொட்டுவரை ஓட்டிப் பார்க்கும் வீரம் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்குச் சரி, இங்கே ஆகாது. ஆர்.எக்ஸில் ஆயிலுக்குத் தனி டப்பா. அதன் உரிமையாளருக்கு ஒன்றுக்கு இரண்டாகத் தீரும் பாக்கியம். மேலும் எஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே இரும்புதான். பெட்ரோல் தீர்ந்ததை உணராமல் நடுரோட்டில் நின்று அந்த ஒரே இரும்பை முன்னும் பின்னும் மடக்கி மிதித்துக்கொண்டிருப்பவரைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் ஏதோ தையல் இயந்திரம் பழுதுபார்க்கப்படுவதாக எண்ணிப் போய்விடுவார்கள், உதவிக்கு வரமாட்டார்கள்.

சி.டி. 100 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் சிறப்பு. பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு என்ற பொருளில் அதற்கு விளம்பரம் வந்தது. இந்த மூன்று கட்டளைகளில் கடைசி ஒன்றை மட்டும் மக்கள் சிரமேற்கொண்டார்கள். எவ்வளவு குறைவாகக் குடித்ததோ அவ்வளவுக்கு எப்போது போட்டோம் என்பது நினைவிலிருந்து நழுவியது. அதிக மைலேஜ் தரும் வண்டியின் உரிமையாளரே பெட்ரோல் இல்லாமல் அதிகம் தள்ளுகிறார் என்ற முரணை இவ்வாய்வு முதன்முதலாகப் பதிவு செய்கிறது.

முன்னாய்வுகள் எழுத்தில் இல்லை. வாய்மொழியில் மூன்று பள்ளிகள் இயங்குகின்றன. மூன்றுமே மற்ற இரண்டையும் ஏற்பதில்லை.

சாய்ப்போர் பள்ளி மிகப் பழையது, அறிவியல் பலமும் உடையது. வண்டிச் சட்டத்தின் முதுகுக் குழாய் டேங்குக்கு நடுவே போவதால் டேங்கின் அடிப்பகுதி கவிழ்த்த பள்ளத்தாக்குபோல இரண்டு பக்கமும் இறங்கி இருக்கும். காக் ஒரு பக்கத்தில்தான். மட்டம் நடு மேட்டுக்குக் கீழே போய்விட்டால் எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் அங்கேயே சிறைப்பட்டுவிடும். ரிசர்வில் வைத்தாலும் வராது. வண்டியைக் காக் இருக்கும் பக்கமாக நன்றாகப் படுக்கப் போட்டு நிமிர்த்தினால் அது மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் விழும். பங்க் வரை போகப் போதும். இந்தப் பள்ளியில் நிகழும் ஒரே பிழை பக்கம் மாற்றிச் சாய்ப்பது. அப்படிச் செய்தால் இருந்ததும் அந்தப் பக்கம் போய்விடும். பிறகு வண்டியின் மேல் குற்றம் சொல்லப்படும்.

ஊதுவோர் பள்ளிக்கு ஆதரவாளர்கள் ஏராளம். டேங்க் மூடியைத் திறந்து, வாயை வைத்து, கன்னம் உப்ப ஊதுவது இவர்கள் வழக்கம். நன்றாக ஊதக்கூடிய ஒருவர் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர நீர்த்தூணைத் தாங்கும் அழுத்தம் கொடுக்க முடியும். டேங்கில் மிஞ்சிய பெட்ரோலின் உயரமோ விரற்கடை அளவு. ஆகவே ஊதுதல் வீண் என்று சொல்ல முடியாது. காக்கிலோ குழாயிலோ தூசி அடைத்திருந்தால் தள்ளிவிடும். ஆனால் பெட்ரோல் மட்டம் குழாய் வாய்க்கே கீழே இருந்தால் எவ்வளவு ஊதினாலும் காற்றுதான் போகும். பிறகு இத்தனை பேர் ஊதி வண்டி ஓடியதாகச் சாட்சி சொல்கிறார்களே என்று கேட்கலாம். இங்கேதான் ஆய்வு ஒரு நுட்பமான இடத்தைத் தொடுகிறது. டேங்க் மூடியில் காற்று உள்ளே புக ஒரு சின்னத் துளை உண்டு. அது அழுக்கால் அடைபட்டால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். முக்கால் டேங்க் பெட்ரோலை வைத்துக்கொண்டே வண்டி பெட்ரோல் இல்லாததுபோலத் தயங்கும், ஜெர்க் அடிக்கும், நிற்கும். மூடியைத் திறந்தவுடன் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போய் நோய் தீர்ந்துவிடும். அதாவது வண்டி குணமானது மூடியைத் திறந்ததால்; பெயர் வாங்கியது ஊதியவர். மருத்துவ வரலாற்றில் பல பேர் இப்படித்தான் பெயர் வாங்கியிருக்கிறார்கள் என்பதால் இதை மேலும் கிளற வேண்டாம்.

சோக் பள்ளி ஆரவாரமற்றது. சோக்கைப் போட்டால் காற்று வழி குறுகும், ஜெட்டின் மேல் இழுவிசை கூடும், கிண்ணத்தின் அடியில் கிடக்கும் மிச்சமும் ஏறிவரும். சில நூறு மீட்டர் கிடைக்கும். அந்தச் சில நூறு மீட்டரில் பங்க் இல்லாவிட்டால் அடுத்து செய்ய எதுவும் இல்லை என்பதால் இப்பள்ளியினர் இயல்பாகவே பேச்சுக் குறைந்தவர்கள்.

கிண்ணத்தின் மிச்சம் என்ற கருத்தாக்கம் குற்றவியல் துறைக்கும் பயன்பட்டிருக்கிறது. வண்டியை நிறுத்தும்போது காக்கை ஆஃபில் போட்டுவிட்டுப் போவது பழைய ஆட்களின் வழக்கம். திருடன் வருவான், ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகும், தெருமுனை தாண்டுவான். கிண்ணம் காலியானதும் நிற்கும். பதற்றத்தில் மிதிப்பான். கையைக் காக்கில் வைத்துப் பார்க்கும் நிதானம் இருந்தால் அவன் இந்தத் தொழிலுக்கு வந்திருக்க மாட்டான் என்பது இந்தப் பாதுகாப்பு முறையின் அடிப்படை. இரவில் ரப்பர் குழாயைப் பிடுங்கிப் பெட்ரோல் மட்டும் திருடுபவன் வேறு ரகம். காக் ஆனில் இருந்தால் அவனுக்கு உயரக் குழாய் மட்டம் வரைதான் கிடைக்கும். ரிசர்வ் அப்படியே மிஞ்சும். உரிமையாளர் காலையில் பங்க் வரை போக எரிபொருள் விட்டுவைத்த அந்தக் கருணையில் திருடனுக்குப் பங்கில்லை.

புவியியலும் இங்கே பேசும். கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலான வண்டிகளில் காக் டேங்கின் பின்புறமாக இருப்பதால் ஏறும்போது பெட்ரோல் பின்னால் ஒதுங்கிக் காக்கின் மேல் நிற்கும். குறைவாக இருப்பதே தெரியாது. இறங்கும்போது முன்னால் ஓடிவிடும், காக்கின் வாய் வறண்டுவிடும். மலை உச்சியில் நன்றாக இருந்த வண்டி அடிவாரத்தில் சமதளத்தைத் தொடும் முன்பே முனக ஆரம்பிக்கும். சிக்கனத்துக்காக என்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் மலை இறங்குகிறவர்களும் உண்டு. மிச்சமாவது கொஞ்சம் பெட்ரோல். தேய்வது பிரேக் ஷூ. கணக்கில் ஷூவின் விலையைச் சேர்த்துப் பார்த்தவர் யாரையும் ஆய்வாளர் சந்திக்கவில்லை.

இலக்கிய நோக்கில், பெட்ரோல் தீர்ந்து நிற்றல் எத்திணை என்ற வினாவைத் தவிர்க்க முடியாது. பாலை என்பதே இவ்வாய்வின் துணிபு. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிவதே பாலை என்பது மரபு. ரிசர்வுக்கும் தனி டேங்க் இல்லை என்று மேலே நிறுவினோம். பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். வண்டி நிற்கும் வேளையோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. உரிப்பொருள் பிரிவு. வண்டியில் சேர்ந்து வந்த இருவரில் ஒருவர் "எனக்கு நேரமாச்சு" என்று பஸ் ஏறிவிடுவார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றவர்கள் மட்டும் இதை நெய்தல் என்று வாதிடலாம். இரங்கல் பொருந்துகிறது என்பதால் அதையும் மறுப்பதற்கில்லை.

இத்தனை ஏற்பாடு இருந்தும் வண்டிகள் ஏன் நிற்கின்றன? ஆய்வின் மையமே இந்த இடம்தான். ரிசர்வுக்குத் திருப்பிய காக்கை, பெட்ரோல் போட்ட பிறகு யாரும் ஆனுக்குத் திருப்புவதில்லை. பங்கில் பின்னால் ஏழெட்டு வண்டி நிற்கிறது. சில்லறை வாங்க வேண்டும். மீட்டரில் பூஜ்யம் பார்க்க வேண்டும். நூறு ரூபாய்க்குப் போட்டால் குறைத்துவிடுவார்கள் என்ற ஐயத்தில் நூற்றிப்பத்துக்குக் கேட்டு, நூற்றிப்பத்துதானா என்று சரிபார்க்க வேண்டும். இவ்வளவு விழிப்புணர்வுக்கு நடுவே காக் நினைவுக்கு வராது. அடுத்த முறை மட்டம் இறங்கும்போது உயரக் குழாய் எச்சரிக்க வழியே இல்லை. வண்டி தரைவாய் வழியாகவே குடித்து, ஒரு நாள் முழுசாக வறண்டு நிற்கும். கை துழாவும், பிடியைத் தேடும், பிடி ஏற்கெனவே ரிசர்வில் இருக்கும். அந்த நொடியில் ஓட்டுபவர் முகத்தில் தோன்றுவதை எட்டு மெய்ப்பாடுகளில் எதில் அடக்குவது என்று ஆய்வாளருக்குத் தெளிவில்லை. இளிவரலும் வெகுளியும் கலந்து நிற்கின்றன.

தினமும் ஐம்பது ரூபாய்க்குப் போடும் பழக்கம் இதை நிரந்தரமாக்கிவிட்டது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டியது. அதன் பிறகு ஐம்பது ரூபாய் என்பது அரை லிட்டர்கூட இல்லை. உயரக் குழாயின் நுனி நனைவதே கிடையாது. அப்படிப்பட்ட வண்டிக்கு ஆன் என்ற நிலையே தெரியாது. காக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் ஒரே நிலையில் இறுகி, யாராவது நல்லெண்ணத்தில் திருப்பினால் ஒழுக ஆரம்பிக்கும். தரைவாய் வழியாகவே குடிப்பதால் டேங்கின் அடியில் தங்கும் துருவும் தண்ணீரும் முதலில் போய்ச் சேர்வதும் ஜெட்டுக்குத்தான். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஈரம் அளவு மீறினால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து இரண்டும் சேர்ந்து அடியில் போய்ப் படுக்கும். ரிசர்வில் வாழும் வண்டிக்கு முதல் வாய் அதுவாகவே கிடைக்கிறது.

இதோடு குடும்ப அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வண்டி, இரண்டு மூன்று ஓட்டுநர்கள் உள்ள வீட்டில் ரிசர்வ் விழுந்த செய்தி ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவதே இல்லை. களப்பணியில் பதிவான ஓர் உரையாடல் மாதிரிக்கு:

"ஏன்டா, வண்டி ரிசர்வ்ல இருக்குன்னு சொல்ல மாட்டியா? மார்க்கெட்லேர்ந்து தள்ளிட்டு வரேன்."

"நீங்க கேக்கலையேப்பா."

"பெட்ரோல் இருக்கான்னு கேட்டேனா இல்லையா?"

"இருந்துச்சுப்பா. நான் நிறுத்தும்போது ஓடிட்டுதான இருந்துச்சு."

மகனின் கடைசி வாக்கியத்தில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை என்பதை ஆய்வு நேர்மையோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. இரவல் வாங்கும் நண்பர்கள் விஷயத்தில் நிலைமை வேறு. அவர்கள் ரிசர்வ் விழும் வரை ஓட்டி, விழுந்ததும் காக்கைத் திருப்பாமலே அதே தயக்கத்தோடு கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "மாப்ள, வண்டி ஏதோ மிஸ்ஸிங் அடிக்குது, மெக்கானிக்கிட்ட காட்டு" என்று அறிவுரையும் வழங்கிச் செல்வார்கள்.

வண்டி முழுதும் நின்ற பிறகான சமூக நிகழ்வுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். நிற்கும் இடம் கடைசி பங்கைத் தாண்டி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் அமைவது விதியால் அல்ல. அந்தப் பங்கில் கூட்டம் இருந்ததால் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுபவர் எடுத்த முடிவால். பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்து போனால் 'பாட்டிலில் பெட்ரோல் தரப்படாது' என்ற பலகை வரவேற்கும். கிராமத்துப் பக்கம் பெட்டிக்கடையில் குளிர்பான பாட்டிலில் நிரப்பி விலை கூட்டி விற்பார்கள். பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. தெரியாத ஒருவர் தன் வண்டியிலிருந்து நம் வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றித் தள்ளிக்கொண்டே பங்க் வரை கொண்டுவிடுவதும் நடக்கும். போக்குவரத்துக் காவலர் கண்ணுக்கு அது குற்றம். தள்ளப்படுபவர் கண்ணுக்குத் தள்ளுபவர் தெய்வம். பெயர் கேட்பதற்குள் போய்விடுவார்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்து, புதிய வண்டிகளில் பெரும்பாலானவற்றிலிருந்து கார்புரேட்டரை வெளியேற்றியது. கூடவே காக்கும் போயிற்று. டேங்குக்குள் மின் பம்ப். அது பெட்ரோலில் மூழ்கி இருப்பதால்தான் சூடாகாமல் இருக்கிறது, அடிக்கடி வறளவிட்டால் அதற்கே கேடு. இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும் என்று சில வண்டிகளில் எண்ணே தெரிகிறது. தயக்கம், ஜெர்க், துழாவல் பெரிதாக எதுவும் கிடையாது. பெட்ரோல் இருக்கும் வரை ஓடும், தீர்ந்தால் நிற்கும். நடுவில் பேச்சு இல்லை. இவ்வகை வண்டியில் பழைய பள்ளிகளின் நிலை என்ன என்பதற்கு அண்மையில் ஒரு புறவழிச் சாலை ஓரத்தில் ஒரு சான்று கிடைத்தது. வண்டி மகனுடையது, புதியது. நின்றுவிட்டது. அப்பா சாய்ப்போர் பள்ளியைச் சேர்ந்தவர். மகன் தடுக்கத் தடுக்க வண்டியைத் தரையோடு தரையாகப் படுக்கப் போட்டு நிமிர்த்தினார். கவிழ்ந்தால் என்ஜினை அணைத்துவிடும் சென்சார் ஒன்று பல புது வண்டிகளில் உண்டு. சாவியை ஒருமுறை ஆஃப் செய்து போடும் வரை அது விடாது. இப்போது பெட்ரோலும் இல்லை, ஸ்டார்ட்டரும் சுற்றவில்லை. அப்பா டேங்க் மூடிக்குச் சாவி கேட்டார்.

"எதுக்குப்பா?"

"ஊதிப் பாக்கலாம்டா."